முந்தலுக்கு வந்த குரல்கள்

கடந்த ஆண்டு எங்கள் பகுதியைச் சேர்ந்த இலக்கிய வட்டமொன்றிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. ‘இளைஞர் உள்ளமும் வெகுசன ஊடகங்களும்’ என்பது விவாதப் பொருள். ஊடகங்களால் இளைஞர் கெடுகின்றனர் என்று வாதிக்கும் கட்சியில் என் பெயரை, என்னைக் கேளாமலே எழுதியிருந்தார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் உபாத்தியாயம் பார்த்தவன், அதிலும் தமிழ் படிப்பித்தவன், தலையும் நரைத்தவன், வேறெந்தக் கட்சியில் நிற்கப் போகிறான் என்று செயலாளர் எண்ணியிருக்க வேண்டும். அவர்மேற் குறை சொல்வதற்கில்லை. நானும் ஒப்புக்கொள்ளத் தயாராகவே இருந்தேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தொடங்கிற்று. முதற் குறிப்பு என் தகப்பனாரைப் பற்றியதாக அமைந்தது. இரண்டாவது என்னைப் பற்றியதாக அமைந்தது. கூட்டத்துக்கு நான் போகவில்லை. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

முந்தலை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருந்தெருவிலே, சிலாபத்தைக் கடந்து வடக்கே வந்தால் தெருவின் இரு மருங்கும் தென்னந்தோப்புகள் தொடரும். அவற்றினூடே ஒரு சந்தி, ஒரு புகையிரத நிலையம், சில கடைகள்: இவ்வளவுதான் எங்கள் ஊர். மேற்கே களப்பு. களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பில் உடப்பு. ஒல்லாந்தர் பெயரால் வழங்கும் பழைய கால்வாய் இப்பக்கமாகத்தான் புத்தளம் நோக்கிப் போகிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், இந்துக்கள், கத்தோலிக்கர், பௌத்தர் எல்லோரும் ஒரே சந்தியில் தேநீர் அருந்துகிறோம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் அடைக்கலம் புகுந்ததும் இந்தப் புத்தள மாவட்டத்திலேதான். தலைநகரிலிருந்து தூரம் அதிகமில்லை. எனினும் உலகச் செய்தி எதுவும் எங்களுக்கு ஒரு குரலாகவே வந்து சேர்ந்திருக்கிறது. யாரோ எங்கோ பேசுவார்கள்; நாங்கள் இங்கே கேட்போம்.

என் தகப்பனார் ஒரு தென்னந்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். சினிமா என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்க விடமாட்டார். ஆனால் 1952இல் ‘பராசக்தி’ வெளிவந்தபோது அவருக்கு வயது பதினாறு. மு. கருணாநிதி எழுதிய அப்படத்து வசனத்தில் நீதிமன்றக் காட்சி முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் அவர் ஒப்புவிப்பார். தேங்காய் எண்ணி முடிந்த மாலை நேரங்களில், தோட்டத்துக்காரர் இல்லாத சமயம் பார்த்து, உரிமட்டைக் குவியலின் மேல் ஏறி நின்று பேசுவாராம். அந்நாளில் அதை மனனஞ் செய்யாத தமிழ் இளைஞன் அபூர்வம். சிவாஜி கணேசன் எங்கே மூச்சு விட்டாரோ அங்கேதான் இவர்களும் மூச்சு விட்டார்கள். அதைக் கேட்ட என் பாட்டனார், ‘கூத்தாடிப் பேச்சுப் பேசிக் குடும்பத்தைக் கெடுக்க வந்தவன்’ என்று ஏசியதாக என் அத்தை சொல்லிச் சிரிப்பார்.

அந்த வசனங்களால் நன்மை விளைந்ததா, தீமை விளைந்ததா? நான் இரண்டையும் கண்டவன். ஏட்டைத் தொட்டறியாத வாலிபனுக்கும் தமிழ் வாக்கியத்துக்கு ஒரு நடையுண்டு, அதைச் செவியால் அளக்கலாம் என்ற உணர்வை அவை ஊட்டின. மறுபுறத்தில், பல ஆண்டுகள் பரீட்சைத் தாள்களில் அடுக்குமொழி பெருகி, பசுவைப் பற்றி எழுதச் சொன்னாலும் ‘பாலூட்டும் பண்பே, பாரோர் போற்றும் பசுவே’ என்று கூவும் கட்டுரைகளை நான் திருத்த வேண்டியிருந்தது. அந்தச் சிவப்பு மையையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி என் கதை. 1974இல் எனக்கு வயது பதினான்கு. எங்கள் வீட்டில் மின்சாரமில்லை; தோலுறை போட்ட ரான்சிஸ்டர் வானொலி ஒன்று இருந்தது. பற்றரி வாங்குவது எளிதன்று. தேய்ந்தவற்றை வெயிலிற் காயவைத்து மீண்டும் போடுவோம். குரல் சற்று நேரம் திடமாக வந்து பின்னர் நோயாளியின் குரல்போல் இழுபடும். அந்தப் பெட்டியிலேதான் காலையிற் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டோம். ‘நேயர் விருப்பம்’ கேட்டோம். பிறந்தநாள் வாழ்த்துக்களையும் கேட்டோம். எஸ். பி. மயில்வாகனத்தின் காலத்தை நான் தவறவிட்டேன். ஆயினும் பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா ஆகியோரின் உச்சரிப்பைக் கேட்டே என் போன்றவர்கள் ழகரத்தையும் ளகரத்தையும் வேறு பிரித்தோம். என் ஆசிரியர் பிரம்பால் ஊட்ட முயன்றதை அவர்கள் இன்முகத்தோடு ஊட்டினார்கள் என்று சொல்வது குருத் துரோகமாகாது என நம்புகிறேன்.

அந்த வானொலிக்கு ஒரு பெருங்கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியாவிற் போரிட்ட நேசப் படையினருக்காக ஏக்கலவில் அமைக்கப்பட்ட வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பியே பின்னர் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் இளைஞரின் இரசனையைக் கெடுக்கின்றன என்னும் எண்ணமுடையவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகிப் போயின. அவற்றின் இடத்தைச் சாஸ்திரிய சங்கீதம் நிரப்பும் என்று அவர் எதிர்பார்த்தார். இந்திய வாலிபர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பிக் கொழும்புக்கு வைத்தார்கள். அமீன் சயானி தொகுத்தளித்த ‘பினாக்கா கீத்மாலா’ இந்தியாவெங்கும் ஒலித்தது கொழும்பிலிருந்துதான். தமிழ்நாட்டுத் தெருக்களிலும் தேநீர்க் கடைகளிலும் எங்கள் அறிவிப்பாளர்கள் வீட்டுப் பிள்ளைகளானார்கள். ஐந்தாண்டு கழித்து, 1957இல், டில்லி அரசு ‘விவித பாரதி’ என்ற பெயரில் தானே திரைப்பாடல்களை ஒலிபரப்பத் தொடங்கியது. இதை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் மிகவும் மகிழ்வார்கள். அம்மகிழ்ச்சியின் காரணத்தைப் பின்னால் ஒருநாள் அறிந்துகொண்டேன்.

நேயர் விருப்பத்துக்கு நான் ஒரு தபாலட்டை எழுதினேன். பாட்டைவிடப் பெயர்களே முக்கியம் என்பது அந்நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்குத் தெரியும். முந்தலிலிருந்து என்று தொடங்கி நண்பர்கள் பெயர் எட்டு எழுதினேன். ஒன்பதாவதாக, எங்கள் வகுப்பில் முதல் வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளையின் பெயரை எழுதினேன். அவளுக்கு அது தெரியாது. ஏன் எழுதினேன் என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. காதல் என்ற பெரிய சொல்லுக்கெல்லாம் அங்கே இடமிருக்கவில்லை. அவள் பெயர் அந்த இனிய குரலில் ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான். சில வாரங்கள் சென்றன. ஒரு பிற்பகலில் அது ஒலித்தது. முந்தல் என்ற எங்கள் ஊர்ப் பெயரும், எட்டு ஆண்பிள்ளைகளின் பெயரும், அவற்றின் வாலில் அவள் பெயரும். சந்திக் கடையிலே கேட்டார்கள், தோட்டத்திலே கேட்டார்கள், அவள் தகப்பனாரும் கேட்டார்.

மறுநாள் அவள் பாடசாலைக்கு வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை. என் தகப்பனார் அன்று என்னை அடித்த அடியில் வானொலியும் உடைந்தது. அதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கைபட்டு விழுந்தது. இரண்டு ஆண்டில் அவளுக்குத் திருமணமாயிற்று. கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. இந்த விடயத்தை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அக்காலத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. அதை இன்றைய விவாதங்களில் எவரும் நினைப்பதாகத் தெரியவில்லை. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் ஆதிக்கத்தால் ஈழத்து வாசகனின் இரசனை குன்றுகிறது என்று எங்கள் எழுத்தாளர்கள் ஐம்பதுகளிலேயே குரல் எழுப்பியிருந்தனர். 1970இல் பதவியேற்ற அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது அச்சஞ்சிகைகளின் வரவும் சுருங்கியது. வெறும் தடையாக மட்டும் அது நின்றிருந்தால் கேஸ்கர் கதைதான் இங்கும் நடந்திருக்கும். ஆனால் வெறுமையான கையில் வைப்பதற்கு ஒன்று கிடைத்தது. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் தொடர்ந்து வெளியிட்டது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ அவற்றுள் ஒன்று. நெடுந்தீவுக் கடற்கரையையும் வாடியமைக்க வந்த மீனவரையும் பற்றிய கதை. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. அதை நான் களப்போரத்தில் உட்கார்ந்து வாசித்தேன். கடலும் வலையும் மீனவனும் ஒரு புத்தகத்துக்குள் வரலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை நாவல் என்றால் அதிலே காவிரியும் மாம்பலமும் இருக்க வேண்டும் என்றல்லவா எண்ணியிருந்தேன்! 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. பழைய சஞ்சிகைகள் மீண்டும் கடைகளிலே தொங்கின. எங்கள் நாவல்களின் சந்தை சில ஆண்டுகளிற் சுருங்கிவிட்டது. தடை நல்லது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். அந்த ஏழாண்டுகளில் பற்றரிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றவன் நான்.

உடப்பைப் பற்றியும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களுக்குப் பேர்போன ஊர் அது. கடலிலே வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளையும் இருபது முப்பது பேர் பற்றி நிற்க, ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார்; மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். பாட்டின் தாளமே கையின் தாளம். மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டு விரையும். கால்கள் மணலிலே புதையும். திரௌபதை அம்மன் கோயிற் பூமிதிப்புக்கு அடுத்தபடியாக வெளியார் அங்கே காண விரும்புவது இதுதான். சினிமாப் பாட்டைக் கேட்டுக் கெட்ட இளைஞர்கள் அம்பாவை மறந்துவிட்டார்கள் என்று கூட்டங்களிற் பேசுகிறார்கள். நான் இதை ஏற்பதில்லை. உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கிய இடங்களில் பாட்டு நின்றது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. முப்பது பேர் செய்ததை நான்கு பேர் செய்யும்போது யார் அடியெடுக்க, யார் ஏற்றுப் பாட? வேலை போனபின் பாட்டை மட்டும் பாடு என்று பிள்ளையை வற்புறுத்துவது நியாயமன்று. வலை இழுத்துத் தோளிலே காய்ப்பேறிய ஒருவர் என்னிடம் சொன்னார்: “வாத்தியார், அந்தப் பாட்டு எங்க நோவுக்குப் பாடினது. நோவு வேணுமா உங்களுக்கு?”

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய ஆண்டிலேயே நானும் ஆசிரியனானேன். முதற் சில ஆண்டுகள் கார் பற்றரியிற் பெட்டியை இயக்கி, முற்றத்திலே பாய் விரித்து ஊரே பார்த்தது. பின்னர் மின்சாரம் வந்தது. செய்மதிக் கிண்ணம் வந்தது. சென்னைத் தொடர்நாடகங்கள் மாலை நேரத்தை முழுமையாக விழுங்கின. வகுப்பிலே ‘விளங்கவில்லை’ என்று சொன்ன பிள்ளைகள் ‘புரியலை’ என்றார்கள். ‘கதைப்போம்’ என்றவர்கள் ‘பேசலாம்’ என்றார்கள். தமிழுக்கு இதனால் நட்டம் ஒன்றுமில்லை; எல்லாம் நல்ல சொற்களே. ஆனால் ‘கதைத்தல்’ என்ற சொல்லுக்குள் எங்கள் திண்ணைகள் இருந்தன. ஒரு மாணவி கட்டுரையொன்றில் அச்சொல்லை எழுதிவிட்டு, பிழையென்று எண்ணி வெட்டியிருந்தாள். அந்த வெட்டு எனக்கு வருத்தமளித்தது. இதைச் சொன்ன வாயாலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசெம்பரில், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியொன்றின் சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த ஒரு சிறுமி முதற்பரிசு பெற்றபோது, முந்தற் சந்தியிலே கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

கைத்தொலைபேசி எங்கள் பிள்ளைகளுக்கு 2020இல் நோய்த்தொற்றுக் காலத்திலே வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அவ்வாண்டு மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட, தொலைபேசியைக் கையிலே கொடுங்கள் என்று நாங்களே பெற்றோரைக் கேட்டோம் என்பது உண்மை. மலைநாட்டுக் கிராமங்களில் அலை கிடைக்கும் இடந்தேடிப் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறினார்கள். ஆயினும் முந்தலில் அது முன்னரே வந்திருந்தது. அதை நான் அறிந்த நாள் 2019 மே 13.

அவ்வாண்டு ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தேவாலயங்களுள் ஒன்று நீர்கொழும்பில், எங்கள் கரையோரத்திலேயே இருக்கிறது. அரசாங்கம் அன்றே முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கிற்று. மே மாத முற்பகுதியில் மேல்வகுப்புகள் மீளத் திறந்தபோது, வாயிலில் நின்று பிள்ளைகளின் புத்தகப் பைகளைச் சோதித்தோம். ஒரே வாங்கில் ஒன்பது ஆண்டுகள் இருந்த பிள்ளைகள் அந்த வாரம் சற்றே இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். எவரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

மே 12, ஞாயிற்றுக்கிழமை. சிலாபத்தைச் சேர்ந்த ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் கருத்து. அதை அச்சுறுத்தலாகக் கொண்ட கும்பல் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கிற்று. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொட என்று நெருப்புப் பரவியது. எங்கள் மாவட்டத்திலேயே கொட்டாரமுல்லையில் ஒருவர் கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். முகநூல் மீண்டும் முடக்கப்பட்டிருந்தது.

அந்தத் திங்கள் இரவு என் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு ஒரு குரற்பதிவு வந்தது. பதினைந்து வயதுப் பையன், இந்து. தொலைபேசி அவன் அண்ணனுடையது. வாகனங்களில் ஆட்கள் வருகிறார்கள், புத்தள வீதியால் வருகிறார்கள், இன்றிரவு முந்தலுக்கும் வருவார்கள் என்று பதற்றத்துடன் ஓர் ஆண்குரல். பின்னணியில் நாய் குரைக்கும் ஒலி. அவன் அதைத் தன் தோழனுக்கு அனுப்பினான். தோழன் முஸ்லிம், தகப்பன் கட்டாரிலே, வீட்டில் தாயும் தங்கையும் உம்மம்மாவும். அவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, பின்வேலியைப் பிரித்துத் தென்னந்தோட்டத்துக்குள் இறங்கினார்கள். களப்புப் பக்கம் போய்விடலாம் என்பது எண்ணம். பசளையிடுவதற்காகத் தென்னையடியில் வெட்டியிருந்த குழியொன்றில் உம்மம்மா விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. ஊரடங்கு நேரம். விடியும்வரை அவரைத் தோட்டத்திலேயே ஒரு பன்னாடைக் குவியலிற் சாய்த்து, வாயிலே சேலைத் தலைப்பை வைத்துக் கடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று.

அன்றிரவு முந்தலுக்கு எவரும் வரவில்லை.

வைத்தியசாலையிலிருந்து செய்தி வந்தபின் அந்தப் பையனைத் தனியே அழைத்தேன். ஏச வேண்டும் என்றுதான் அழைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபின் வேறு கேட்டேன்.

“தளமெல்லாம் முடங்கிக் கிடந்ததே, இது எப்படி வந்தது தம்பி?”

“வீபிஎன் போட்டா வரும் சேர். எல்லாரும் போட்டிருக்காங்க.” கேஸ்கர் கதையைக் கேட்டு அவர்கள் ஏன் அவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று.

“அந்தக் குரல் யாருடையது?”

“தெரியாது சேர்.”

“எந்த ஊர் ஆள்?”

“தெரியாது. ஆனா பயந்த குரல் சேர். நடிக்கிற மாதிரி இல்ல.” சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அவங்க தப்பணும்னுதான் அனுப்பினேன்.”

நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. 1974இல் அந்தத் தபாலட்டையை நான் எழுதியதும் எவருக்கும் தீங்கு செய்வதற்காக அன்று.

அதன்பின் வகுப்பிலே ஒன்று செய்து பார்த்தேன். அதைப் பெரிய சாதனையாக எவரும் எண்ண வேண்டாம். ஒரு தமிழாசிரியனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகத் தேடிய ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு, எது மூலபாடம், எது ஏடெழுதியவன் கைவண்ணம் என்று ஆராய்ந்ததைப் பாடத்திற் சொல்லி வந்தவன் நான். அதே பயிற்சியை அந்த இரவின் செய்தியில் நடத்தினோம். அது யார் யாருக்கு எவ்வாறு வந்தது என்று விசாரித்தோம். மூன்று பாடபேதங்கள் கிடைத்தன. ஒன்றில் வாகனம் இரண்டு, மற்றொன்றிற் பத்து. ஒன்றிலே வருகிறவர்கள் சிலாபப் பக்கமிருந்து. இன்னொன்றிலே புத்தளப் பக்கமிருந்து. மூன்றிலும் முந்தல் என்ற பெயர் மட்டும் குரற்பதிவில் இல்லை; எழுத்திலே பின்னர் எவரோ சேர்த்தது. ‘இடைச்செருகல் சேர்!’ என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான். பரீட்சைக்காக மனனஞ் செய்த அச்சொல்லை அவர்கள் தம் தேவைக்கு எடுத்தாண்டது என் முப்பத்தெட்டு ஆண்டிலும் அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளை மாத்திரம் பேசி என்ன பயன்? 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பகுதிகளில் நிகழ்ந்த வன்முறைக்குத் தன் தளம் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020 மேயில், இரண்டு ஆண்டு கழித்து. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பை வாசித்து விலக்கப் போதிய ஆட்கள் அதனிடம் அப்போது இருக்கவில்லை. தான் அச்சிடுவதைத் தானே வாசிக்க மாட்டாத ஒரு பதிப்பாளரைத் தமிழுலகம் அதுவரை கண்டதில்லை. எங்கள் கிராமத்துக் கையேட்டுச் சஞ்சிகைக்குக்கூட எழுத்துப்பிழை பார்க்க ஓர் ஆள் இருந்தார்.

2022இல், பொருளாதாரம் சரிந்த நாட்களில், இன்னொரு முறை இந்தத் தடையைக் கண்டேன். காகிதமின்றிச் சில பத்திரிகைகள் அச்சை நிறுத்தின. பரீட்சைகள் ஒத்திப் போடப்பட்டன. நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் மாவட்டத்திலேயே நின்றும் நாங்கள் நாளொன்றுக்குப் பல மணிநேரம் இருளில் இருந்தோம். ஏப்ரில் 3இல் சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கியது. அன்றைக்கே விடுவித்தும் விட்டது. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். மாலை வகுப்புக்கு வரும் ஒரு பெண்பிள்ளை என் தொலைபேசியை வாங்கி, அரை நிமிடத்தில் அந்தப் பூட்டைத் திறந்து தந்தாள். ‘சேர், இதெல்லாம் பாட்டிக்கும் தெரியும்’ என்றாள். அவள் கையிற் கிடந்த புத்தகத்தில் ஒரு பக்கம்கூட அவள் வாசித்திருக்கவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். நான் எவருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை அந்த உம்மம்மாவைப் பார்க்கப் போனேன். கோலூன்றி நடக்கிறார், வலது கால் சற்றுக் கட்டை. பேரன் தகப்பனோடு கட்டாருக்குப் போய்விட்டான். அவனோடு முகம் பார்த்துக் கதைக்க அவருக்குத் தொலைபேசியைப் பிடிக்கத் தெரியாது, கை நடுங்குகிறது. அதற்காக வெள்ளிதோறும் ஒருவன் வருகிறான், அன்று அந்தக் குரலை அனுப்பியவன். இப்போது இறால் பண்ணையொன்றில் வேலை செய்கிறான். கால்சட்டையில் உப்புக் காய்ந்திருந்தது. நான் போனபோது அவன் திண்ணையிற் குந்தியிருந்து இரு கைகளாலும் தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். அவர் பேரனிடம் சாப்பிட்டாயா, தொழுதாயா என்று கேட்டுவிட்டு, இடைக்கிடை இவனைப் பார்த்து, ‘சத்தத்தைக் கூட்டு மகன்’ என்றார்.

எனக்குத் தேநீர் ஊற்ற அவருடைய மகள் உள்ளே போனார். பின்கதவருகே ஒரு சிறிய துணிப்பை ஆணியிலே தொங்கிக்கொண்டிருந்தது. அடையாள அட்டையும் காணி உறுதியும் மாத்திரைகளும் அதற்குள் இருப்பதாகப் பின்னர் சொன்னார்கள். அதன் கீழே ஒரு சோடிச் செருப்பு, வெளிப்புறம் நோக்கி வைத்தபடி.